கர்ப்பிணிக்குச் சளி பிடித்தால்: ஒரு மருந்து வரலாறு

தாலிடோமைடு என்றால் மசக்கைக்கும் தூக்கமின்மைக்கும் கொடுக்கப்பட்ட மாத்திரை, கை கால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கக் காரணமான மாத்திரை என்றுதான் நம்மில் பலர் படித்திருப்போம். அது முதலில் கடைக்கு வந்ததே சளிக்காய்ச்சல் மருந்தாகத்தான் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. 1956ஆம் ஆண்டின் இறுதியில், மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் பகுதியில், கெமி குருனெந்தால் என்ற நிறுவனம் கிரிப்பெக்ஸ் என்னும் மருந்தை விற்கத் தொடங்கியது. தாலிடோமைடுடன் கொய்னா, வைட்டமின் சி, ஃபெனசெட்டின், சாலிசிலமைடு ஆகியவற்றையும் சேர்த்துச் செய்த கூட்டு மருந்து அது. காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று என எல்லாம் ஒரே மருந்தில் இருந்தன. மூக்கு ஒழுகுகிறது, தலை கனக்கிறது என்று அதை வாங்கிய பெண்களில் யார் கர்ப்பமாக இருந்தார்கள், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் எப்படி இருந்தன என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. கர்ப்பிணியின் ஜலதோஷத்துக்கு ஆபத்தில்லாமல் நிவாரணம் தருவது எப்படி என்ற கேள்வியின் வரலாறு நெடுகிலும் இந்த இரண்டு பிழைகளும் கைகோத்து வருகின்றன: பல தொல்லைகளுக்கும் சேர்த்து ஒரே மருந்தைக் கொடுப்பது, பிறந்த குழந்தைகளை எண்ணாமல் விடுவது. இன்று நாம் நம்பக்கூடிய கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் ஏதோ ஒரு புது மருந்தின் வரவால் கிடைத்ததில்லை. இவ்விரு பிழைகளையும் மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டதால் கிடைத்தது என்பதே என் வாதம்.

எச்சரிக்கை உணர்வு மிகப் பழையது. கர்ப்பிணிக்கு நோய் வந்தால் மென்மையும் இனிமையும் குளிர்ச்சியும் கொண்ட மருந்தாலும் உணவாலும்தான் பார்க்க வேண்டும் என்கிறது சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம். வாந்தி எடுக்க வைப்பதையும் பேதிக்குக் கொடுப்பதையும் விலக்கும் அந்த நூல், மூக்கில் மருந்திட்டுத் தலையில் சேர்ந்த கபத்தை வெளியேற்றும் சிகிச்சையையும் அவற்றோடு சேர்த்தே விலக்குகிறது. சளிக்கு அந்தச் சிகிச்சையைப் பெரிதும் நம்பிய வைத்திய முறையே கர்ப்பிணிக்கு மட்டும் அது வேண்டாம் என்று விதி வகுத்திருப்பது கவனிக்கத்தக்கது. பிற்கால ஐரோப்பாவில் இந்தத் தயக்கம் மருந்துக் கடைவரை எட்டவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் நகரத்து மருத்துவர் ஜான் மட்ஜ் 1778இல் ஒரு வெள்ளீயக் குவளையை வடிவமைத்தார். மூடியில் குழாய் பொருத்தி வெந்நீரின் ஆவியை வாய் வழியே இழுக்கும் கருவி அது. இருமலுக்கு அவர் சொன்ன முறையில் ஆவியோடு அபின் சேர்ந்த மருந்தும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலும் வீட்டுக்கு வீடு புகழ்பெற்ற குளோரோடைன் என்ற திரவத்தில் அபின், குளோரோஃபார்ம், கஞ்சா மூன்றும் இருந்தன. இருமலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் வலிக்கும் அது ஒன்றே மருந்து. 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதியாக வேண்டும் என்ற கட்டாயமே அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. அதுவும் அபின், சாராயம் போன்ற சில பொருள்களுக்கு மட்டும். அதுவரை எச்சரிக்கையாக இருக்க நினைத்த கர்ப்பிணிக்குக்கூட எதைத் தவிர்ப்பது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை.

அதே காலத்தில் பிறந்த தைலங்களின் கதை வேறு. 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தயாரிக்கத் தொடங்கினார். 1914இல் நிறுவனம் சென்னைக்கு வந்தது. 1894இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் லன்ஸ்ஃபோர்டு ரிச்சர்ட்சன் என்ற மருந்துக் கடைக்காரர் பின்னாளில் விக்ஸ் வேப்போரப் என்று பெயர் பெற்ற களிம்பை விற்கத் தொடங்கினார். 1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சல் (இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோய்) அந்தக் களிம்பை அமெரிக்கா முழுவதற்கும் கொண்டுசேர்த்தது. கற்பூரமும் மென்தாலும் மூக்கைத் திறந்துவிடுகின்றன என்றே தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்டது. பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து ஆய்வாளர்கள் மூக்கின் வழியே செல்லும் காற்றை அளந்து பார்த்தபோது மென்தால் அடைப்பைக் குறைக்கவில்லை, காற்று தாராளமாகப் போகிறது என்ற உணர்வை மட்டும் தருகிறது என்று தெரிந்தது. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு புரதத்தை மென்தால் தூண்டுகிறது என்பது 2002இல் வெளிவந்தது. அந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். கர்ப்பிணியைப் பொறுத்தவரை இது ஏமாற்றமான செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. இரவில் மூச்சுத் திணறுவது போன்ற உணர்வுதான் அவளை வாட்டுகிறது. நெற்றியிலும் மார்பிலும் கொஞ்சமாகத் தடவிய தைலம் அந்த உணர்வைத் தணிக்குமானால், உடலுக்குள் பெரிதாக எதுவும் போகாமலேயே அவளுக்குத் தூக்கம் கிடைக்கிறது. அதே கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவையும் எட்டும். பொருள் ஒன்றுதான். எந்த வழியில், எவ்வளவு போகிறது என்பதில்தான் மருந்தும் விஷமும் பிரிகின்றன.

இங்கே மூக்கைப் பற்றியே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கர்ப்ப காலத்து மூக்கடைப்பெல்லாம் ஜலதோஷம் ஆகாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் ஜான் நோலண்ட் மெக்கன்சி 1898இல் மூக்குக்கும் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். அவர் காலத்தில் அந்தக் கருத்தைச் சுற்றி விபரீதமான சிகிச்சைகளும் முளைத்தன. ஆனால் கவனிப்பின் அடிப்படை சரி. கருவுற்ற உடலில் இரத்த ஓட்டமும் ஹார்மோன்களும் மாறும்போது மூக்கின் உள்சவ்வும் வீங்குகிறது. இதைத் தெளிவாக வரையறுக்க ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. ஸ்வீடனில் ஏவா எல்லகோர்டும் அவருடைய சகாக்களும் சுமார் 600 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். தொற்றோ ஒவ்வாமையோ இல்லாமல் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, பிரசவமான இரண்டு வாரத்துக்குள் தானாகவே நீங்கும் மூக்கடைப்பு அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இருந்தது. 2001இல் அதே குழு ஒரு ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானை 53 பெண்களிடம் எட்டு வாரம் சோதித்தது. மருந்தில்லாத வெறும் தெளிப்பானுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. எத்தனையோ பெண்கள் சளி விடவில்லை என்று வாரக்கணக்கில் மருந்து மாற்றி மருந்து எடுத்ததன் பின்னணி இதுதான். ஜலதோஷம் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும், இது போகாது. இரண்டையும் ஒன்றாகக் கருதி ஒரே மருந்தைத் தொடரும்போது அது பல மடங்கு உடலில் சேர்கிறது. அடைப்பை நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாளுக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும் என்பது 1940களிலேயே மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சொட்டு மருந்துகளின் காலம் 1920களில் தொடங்குகிறது. பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் சென், ஷ்மிட் இருவரும் சீனத்து மா ஹுவாங் மூலிகையின் எஃபெட்ரினை ஆராய்ந்து மேலை மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். வீங்கிய சவ்வின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது அதன் வேலை. மூக்கில் மட்டும் சுருக்கினால் நல்லது; வாய் வழியே உட்கொண்டால் உடல் முழுவதும் சுருக்கும், இரத்த அழுத்தம் ஏறும். 1930களில் அதன் உறவான ஆம்ஃபெடமைனை அமெரிக்காவில் மூக்கில் உறிஞ்சும் குழலாகவே விற்றார்கள்; குழலை உடைத்து உள்ளிருந்த பட்டையை விழுங்கிப் போதை ஏற்றிக்கொண்டவர்கள் அநேகம். 1949, 1950 ஆண்டுகளில் ஒவ்வாமை மாத்திரைகள் ஜலதோஷத்தையே குணமாக்கும் என்ற விளம்பர வெள்ளம் ஓடியது. இவற்றில் ஒன்றையாவது சந்தைக்கு விடும்முன் கருவுற்ற பெண்ணையும் அவள் குழந்தையையும் கருதிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அன்று கேட்கவில்லை. நஞ்சுக்கொடி ஒரு சுவர், மருந்தைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையால் அப்படி நடந்தது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அந்தச் சமாதானம் நிற்காது. தாய்க்கு மார்ஃபின் கொடுத்தால் பிறக்கும் குழந்தையின் மூச்சு மந்தமாகும் என்று பிரசவம் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்த பிரான்சிஸ் கெல்சி, சினை முயல்களுக்குக் கொய்னா கொடுத்துப் பார்த்து, தாய் முயல் அதைச் சிதைத்துவிடுகிறது, கருவில் உள்ள குட்டியால் சிதைக்க முடியவில்லை என்று கண்டறிந்திருந்தார். கிரிப்பெக்ஸ் மருந்தில் இருந்த அதே கொய்னாதான்.

கெல்சியின் பெயர் உலகுக்குத் தெரிந்தது 1960க்குப் பிறகு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் அவர் வேலைக்குச் சேர்ந்ததும் அவர் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்று தாலிடோமைடு. அனுப்பியது ரிச்சர்ட்சன்-மெரல் நிறுவனம். விக்ஸ் களிம்பால் வளர்ந்த அதே ரிச்சர்ட்சன் குடும்பத்து நிறுவனம்தான் இந்தப் பெயரில் வளர்ந்திருந்தது. மருந்து பாதுகாப்பானது, கர்ப்பிணிக்கும் பாதகமில்லை என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கெல்சி திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்களிடம் ஆதாரம் இல்லை. 1961 நவம்பரில் ஜெர்மானிய மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் எழுப்பிய எச்சரிக்கையால் மருந்து அங்கே நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிரைடும் அதே சந்தேகத்தை எழுதினார். பிரிட்டனில் தாலிடோமைடு, தனி மாத்திரையாக மட்டுமன்றி, ஆஸ்துமாவுக்கான அஸ்மாவல் போன்ற கூட்டு மருந்துகளிலும் இருந்தது. தான் விழுங்கியதில் தாலிடோமைடு இருந்தது என்பதே தெரியாத தாய்மார்கள் இருந்தார்கள். உலகெங்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பத்தாயிரத்துக்கும் மேல். பாதிப்பைக் கண்டுபிடித்தது மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரிதான ஒரு குறைபாடு ஏன் இத்தனை குழந்தைகளுக்கு வருகிறது என்று எண்ணிப் பார்த்து, தாய்மார்களிடம் நேரில் போய் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்ட மருத்துவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

இதிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம் பாதிதான் சரியானது. கர்ப்பிணி எதையும் சாப்பிடக் கூடாது, அவளை ஆய்விலும் சேர்க்கக் கூடாது என்று முடிவு கட்டினார்கள். 1977இல் எஃப்.டி.ஏ. கருவுறக்கூடிய வயதுள்ள பெண்களையே ஆரம்பக்கட்டச் சோதனைகளிலிருந்து ஒதுக்கச் சொன்னது. அந்த வழிகாட்டுதல் மாற 1993 ஆயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதே பாதுகாப்பு என்ற இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக வரலாற்றிலேயே வலுவான சான்று இருக்கிறது. 1919இல் ஜான் ஹாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பெருங்காய்ச்சலில் விழுந்த 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டினார். பாதிப் பேருக்கு நிமோனியா வந்தது. மொத்தத்தில் சுமார் 27 சதவீதம் பேர் இறந்தார்கள். 1941இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்த லேசான ருபெல்லா அம்மைக் காய்ச்சல் குழந்தையின் கண்ணில் புரையை உண்டாக்குகிறது என்று காட்டினார். முதல் மூன்று மாதத்தில் நீடிக்கும் கடும் காய்ச்சலே கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதும் பின்னர் தெரிந்தது. ஆக, மூக்கு ஒழுகுவது வேறு, காய்ச்சல் வேறு, இன்ஃப்ளூயன்ஸா வேறு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டையும் பொறுத்துக்கொள்வதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2012இல் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசிக்கு முதல் முன்னுரிமை கர்ப்பிணிகளுக்கே என்று சொன்னதற்கு ஹாரிஸ் கணக்கு எழுதிய காலத்திலிருந்தே அடிப்படை இருந்தது. வீண் பயத்துக்கும் விலை உண்டு. மசக்கைக்கான பெண்டெக்டின் மாத்திரையை, அதுவும் மெரல் நிறுவனத்தின் தயாரிப்புதான், வழக்குகளின் நெருக்கடியில் 1983இல் நிறுத்தினார்கள். குழந்தைகளின் பிறவிக் குறைபாடு அதனால் குறையவில்லை. கடும் வாந்தியால் மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகள்தான் கூடினார்கள். அதே மருந்துச் சேர்க்கை 2013இல் எஃப்.டி.ஏ. ஒப்புதலோடு திரும்பி வந்தது.

மருந்தே வேண்டாம், பாட்டி வைத்தியம் போதும் என்பது அடுத்த மறுப்பு. இதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அளவும் கணக்கும் இதற்கும் பொருந்தும். அதிமதுரம் தொண்டைக்கு இதமானது, நம் வீடுகளிலும் உண்டு. பின்லாந்தில் அதன் சாறு சேர்ந்த கறுப்பு மிட்டாயை மக்கள் விரும்பித் தின்பதால் அங்கே கணக்கெடுக்க முடிந்தது: அதை நிறையத் தின்ற கர்ப்பிணிகளின் கர்ப்ப காலம் சற்றே குறுகியது, பிறந்த குழந்தைகளின் பிற்கால வளர்ச்சியிலும் வேறுபாடு தெரிந்தது. கர்ப்பிணிகள் அதை அதிகம் சாப்பிட வேண்டாம் என்று அந்நாட்டு அரசே அறிவுறுத்துகிறது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது சுகமானது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946 முதல் 1990 வரை இயங்கிய ஜலதோஷ ஆய்வு மையத்தின் டேவிட் டைரலும் சகாக்களும் 1989இல் சூடான ஈரக் காற்று ஜலதோஷத் தொல்லையைக் குறைப்பதாக எழுதினார்கள். அமெரிக்காவில் திரும்பச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதம் இருக்கிறது, குணம் நிரூபிக்கப்படவில்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது மட்டும் உறுதியான ஆபத்து. வயிறு தள்ளிய பெண் குனிந்து போர்வைக்குள் உட்காரும்போது அந்த ஆபத்து கூடும். வெந்நீரில் குளிக்கும்போது எழும் ஆவியே அவளுக்குப் போதும். உப்புநீரால் மூக்கைக் கழுவும் ஜலநேதி, அளவும் கணக்கும் என்ற இந்தச் சோதனையில் நன்றாகவே தேறியது. இத்தாலியில் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பருவகால ஒவ்வாமையால் அவதிப்பட்ட 45 கர்ப்பிணிகளில் உப்புநீரால் கழுவியவர்களுக்குத் தொல்லையும் குறைந்தது, மாத்திரைத் தேவையும் குறைந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: கொதித்து ஆறிய நீராக இருக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள்.

எண்ணிப் பார்க்கும் வேலையை முறையாகச் செய்த நாடுகளில் ஒன்று ஸ்வீடன். தாலிடோமைடு அனுபவத்துக்குப் பிறகு பிறவிக் குறைபாடுகளைப் பதிவுசெய்யத் தொடங்கிய அந்நாடு, 1973 முதல் ஒவ்வொரு பிறப்பையும் மருத்துவப் பதிவேட்டில் ஏற்றுகிறது. 1990களின் நடுவிலிருந்து, கர்ப்பிணி முதன்முறை பரிசோதனைக்கு வரும்போதே என்னென்ன மருந்து எடுத்தாள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். குழந்தை பிறக்கும்முன் எழுதப்படுவதால் பின்னாளின் பயமோ பழியோ அந்தப் பதிலைக் கலைப்பதில்லை. 1999இல் அந்தப் பதிவேட்டிலிருந்து, ஆஸ்துமாவுக்குப் புடசோனைடு உள்ளிழுத்த தாய்மாரின் 2,014 குழந்தைகளை எடுத்துப் பார்த்தார்கள்: பிறவிக் குறைபாடு 3.8 சதவீதம், நாட்டின் பொதுக் கணக்கு 3.5 சதவீதம், இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. மருத்துவர்கள் இன்று இந்த மருந்தைத் தயங்காமல் எழுதுவது இந்த எண்ணிக்கையால்தான். பாராசிட்டமாலுக்கும் இதே கதை. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் அதைக் குழந்தைகளின் ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திக் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னபோது உலகெங்கும் கலக்கம் பரவியது. அதற்கு முந்தைய ஆண்டே ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் கணக்கு வெளிவந்திருந்தது. பொதுவாக ஒப்பிட்டபோது தெரிந்த மிகச் சிறிய வேறுபாடு, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது மறைந்துவிட்டது. காய்ச்சலை இறக்கத் தேவையான அளவு, தேவையான நாள் மட்டும் பாராசிட்டமால் என்ற மருத்துவர்களின் அறிவுரை அந்தக் கணக்கின்மேல் நிற்கிறது. இபுப்ரொஃபென் வகை மருந்துகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 20 வாரத்துக்குப் பின் அவை சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று எஃப்.டி.ஏ. 2020இல் எச்சரித்தது.

பிரித்துப் பார்ப்பதில்தான் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். சூடோஎஃபெட்ரின் மாத்திரையை முதல் மூன்று மாதத்தில் எடுத்தவர்களின் குழந்தைகளில், குடல் வயிற்றுச் சுவருக்கு வெளியே வளரும் ஓர் அரிய குறைபாடு கூடுதலாகத் தென்பட்டதாக 1992இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. காரணம் மருந்தா, அதைச் சாப்பிட வைத்த காய்ச்சலா, உடன் கலந்திருந்த மற்ற மருந்துகளா என்று பிரித்தறிவது கடினமாயிற்று. கூட்டு மாத்திரைகளில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. 2006இல் அமெரிக்கச் சட்டம் சூடோஎஃபெட்ரின் விற்பனையைக் கட்டுப்படுத்தியதும் நிறுவனங்கள் அதன் இடத்தில் ஃபெனைலெஃப்ரினைப் போட்டன. 2023 செப்டம்பரில் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழுவினர் 16 பேரும் ஒருமனதாக, வாய் வழியே எடுக்கும் ஃபெனைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பயன்படாது என்று வாக்களித்தார்கள். அதை விலக்கும் முன்மொழிவு 2024 நவம்பரில் வந்தது. பயன் உள்ள மருந்தென்றால் அதன் அபாயத்தை எதிர்த்தட்டில் வைத்து நிறுக்கலாம். பயனே இல்லாததை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுக்க என்ன நியாயம் இருக்கிறது? இந்தியாவில் 2016 மார்ச்சில் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. சளி, இருமல் மருந்துகள் அதில் ஏராளம். டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நிபுணர் குழு மறுபடி ஆராய்ந்த பின் 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்குத் தடை வந்தது. 2023 டிசம்பரில், குளோர்ஃபெனிரமினும் ஃபெனைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிட உத்தரவானது. கர்ப்பிணிக்காக அப்படி ஒரு வரியை அந்த உத்தரவு கேட்கவில்லை. பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமின், ஃபெனைலெஃப்ரின் மூன்றும் கலந்த மாத்திரை இன்றும் நம் ஊர் மருந்துக் கடையில் சளி மாத்திரை என்று கேட்டால் எளிதாகக் கைக்கு வருகிறது. காய்ச்சலுக்கு மட்டும் மருந்து தேவைப்படும் ஐந்து மாதக் கர்ப்பிணி, தேவையான ஒன்றோடு தேவையில்லாத இரண்டையும் சேர்த்து விழுங்குகிறாள்.